சுரப்பியே இல்லாத வேளையில் கருவாங்கிக்கு என்ன வேலை?

என்னிடம் உயர்தரம் படித்த ஒரு பிள்ளை, இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், இப்படிக் கேட்டிருந்தார்: "சேர், ஓமோன் வந்து கருவாங்கியோடு பிணைஞ்சால்தான் பரம்பரையலகு வேலை செய்யும் என்று படிச்சோம். இப்ப விரிவுரையில, அதிரீனலும் சனனியும் உருவாகிறதையே கருவாங்கிகள்தான் கட்டுப்படுத்துது என்று சொல்றாங்க. சுரப்பியே இல்லாத நேரத்தில் ஓமோன் எங்கேயிருந்து வரும்? கோழியா முட்டையா கதை மாதிரி இருக்கு. தாயின்ட ஓமோன்தான் வந்து வேலை செய்யுதா?"

பிள்ளை, தடுக்கி விழ வேண்டிய இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கிறீர். உயர்தரத்தில் நான் சொல்லித் தந்தது பிழையில்லை, பாதி. கருவாங்கிக் குடும்பத்தில் எல்லோரும் ஓமோன் எப்போது வரும் என்று வாசலில் காத்திருப்பவர்கள் இல்லை. சிலர் ஓமோனுக்கு முன்பே வந்து, காடு வெட்டி, வீடு கட்டி, அடுப்பும் மூட்டி வைக்கிறவர்கள். அந்த அடுப்பில் பிறகு வேகுவதுதான் ஓமோன். தாயின் ஓமோன் பற்றிய கேள்வி இன்னும் நல்ல கேள்வி. அதைக் கடைசியில் எடுக்கிறேன்.

முதலில் சொல் விளக்கம், விரைவாக. கருவாங்கி என்பது கலத்தின் கருவுக்குள் டிஎன்ஏயில் அமர்ந்து பரம்பரையலகுகளை (ஜீன்களை) இயக்கும் ஒரு வாங்கிப் புரதம். பெயரில் உள்ள 'கரு' கலத்தின் கரு. அதிரீனல் சிறுநீரகத்தை ஒட்டிய ஓமோன் சுரப்பி, சனனி என்றால் விதை அல்லது சூலகம். வயிற்றில் வளரும் கருவை நாம் பாடத்தில் முளையம் என்போம். இந்தப் பதில் முழுக்க முளையத்தைப் பற்றியது என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மனிதரில் 48 கருவாங்கிகள் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு இரண்டு முக்கிய பகுதிகள். ஒன்று டிஎன்ஏயைப் பிடிக்கும் பகுதி, இரண்டு நாக விரல்களால் ஆனது. (நாகம் என்றால் சிங்க். ஒரு வருடம் வகுப்பில் ஒரு பொடியன் பாம்பு படம் கீறிக் கொண்டு வந்தான்.) மற்றது ஓமோன் போன்ற சிறு மூலக்கூறு வந்து அமரும் பை, சுமார் 12 சுருளிகளால் கட்டப்பட்டது. 1985 இல் குளுக்கோகோர்ட்டிகொயிட் வாங்கியின் பரம்பரையலகும், 1986 இல் ஈஸ்திரசன் வாங்கியினதும் பிரித்தெடுக்கப்பட்டன. அதன்பின் அதே சாயலில் வேறு புரதங்கள் உண்டா என்று தேடினார்கள். தேடத் தேடக் கிடைத்தன. ஆனால் பலவற்றுக்கு எந்த ஓமோன் பொருந்தும் என்று தெரியவில்லை. அவற்றுக்கு 'அநாதை வாங்கிகள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். உமது கேள்வியின் விடை அந்த அநாதைகளிடம்தான் இருக்கிறது.

இனி ஓர் ஆட்டுச் சிறுநீரகம்.

நேரடியாகப் பார்க்காமல் இந்தப் பாடம் மனதில் நிற்காது என்பது என் அபிப்பிராயம். சந்தைப் பக்கம் இறைச்சிக்கடையில் சிறுநீரகம் கேட்டால், சுற்றியிருக்கும் கொழுப்பை ஒரே இழுவையில் உரித்துப் போட்டுவிட்டுத்தான் தருவார்கள். நான் "கொழுப்போடயே தாங்க" என்று கேட்டு வாங்குவேன். கடைக்காரர் முதல் நாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், பிறகு பழகிவிட்டது. வீட்டில் வைத்து அந்த வெள்ளைக் கொழுப்பை விரலால் மெல்லப் பிரித்துக்கொண்டு போனால், சிறுநீரகத்துக்கு முன்பக்கமாக, பெரிய இரத்தக்குழாயை ஒட்டி, அவரைக் கொட்டை போல ஒரு பழுப்புக் கட்டி தட்டுப்படும். கொழுப்பு வழுக்கும், இது வழுக்காது. அதுதான் அதிரீனல். புது பிளேடால் குறுக்கே வெட்டினால் வெளியே செம்பழுப்பு வளையம், நடுவே வெளிறிய பகுதி. வெளி வளையம் மேற்பட்டை, நடு மையவிழையம். ஒரு சுரப்பி என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு இழையங்கள், இரண்டு வேறு இடத்திலிருந்து வந்து ஒரு கூரைக்குக் கீழே குடியிருப்பவை. மையவிழையம் நரம்பு முகட்டுக் கலங்களிலிருந்து, அதாவது முளையத்தில் நரம்புகளையும் உண்டாக்கும் கலங்களிலிருந்து வருகிறது. மேற்பட்டை இடைத்தோற்படையிலிருந்து, அதாவது முளையத்தின் நடுப்படையிலிருந்து வருகிறது.

அந்த இடைத்தோற்படையில்தான் கதை. முளையத்தின் உடற்குழி ஓரத்தில், மனிதரில் ஏறக்குறைய 5ஆம் வாரத்தில், ஒரு தடிப்பு உண்டாகிறது. அது பிறகு இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு அதிரீனல் மேற்பட்டை, மறு பங்கு சனனி, அதாவது பின்னால் விதையோ சூலகமோ ஆகப்போவது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்வோமே, அது. கொஞ்சம் கலந்து போவதும் உண்டு. பிறவியிலேயே அதிரீனல் மிகைவளர்ச்சி உள்ள ஆண்களின் விதைக்குள் அதிரீனல் இழையத் துணுக்குகள் பெருத்துக் கிடப்பதை வைத்தியர்கள் காண்கிறார்கள்.

இரண்டு பிள்ளைகளுக்கும் குடும்பத் தொழிலும் ஒன்று: கொலஸ்ரோலை எடுத்து ஸ்டீரொயிட்டு ஓமோன் செய்வது. ஸ்டார் என்ற புரதம் கொலஸ்ரோலை இழைமணிக்குள் (மைட்டோகொண்ட்ரியாவுக்குள்) அனுப்பும். அங்கே ஒரு நொதியம் அதன் வாலை வெட்டிப் பிரெக்னெனொலோன் ஆக்கும். அதிலிருந்து வெவ்வேறு நொதியங்கள் வழியே கோர்டிசோல், அல்டொஸ்டெரோன், டெஸ்டோஸ்டெரோன், ஈஸ்திரடையோல். 1990 அளவில் இந்த நொதியங்களின் பரம்பரையலகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். நொதியங்கள் வேறு வேறு. ஆனால் அவற்றின் ஆளி (சுவிட்ச்) போன்ற முன்பகுதியில், ஏஜிஜிடிசிஏ என்ற டிஎன்ஏ எழுத்து வரிசையோ அதற்கு மிக நெருங்கியதோ திரும்பத் திரும்ப வருகிறது. எல்லாப் பூட்டுக்கும் ஒரே திறப்பு என்றால் திறப்பு யாரிடம்? அமெரிக்காவில் கீத் பார்க்கரின் குழுவும் ஜப்பானில் கென்-இச்சிரோ மொரோஹாஷியின் குழுவும் தனித்தனியாகத் தேடி, 1992 இல் ஒரே புரதத்தை எட்டின. ஒருவர் வைத்த பெயர் எஸ்எஃப்-1, மற்றவர் வைத்தது ஏடி4பிபி. இன்று எஸ்எஃப்-1 என்ற பெயர்தான் நிலைத்திருக்கிறது, பரம்பரையலகின் முறையான பெயர் என்ஆர்5ஏ1. அது ஒரு கருவாங்கி, அநாதைப் பட்டியலில் இருந்தது. பழ ஈயின் முளைய விருத்தியில் பங்கெடுக்கும் ஒரு புரதத்துக்கு நெருங்கிய உறவு. இந்த ஈ உறவை அப்போதே பெரிதாக எடுத்திருந்தால், இரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த ஆச்சரியம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. பல ஓமோன் வாங்கிகள் டிஎன்ஏயில் சோடி சோடியாகத்தான் அமரும். எஸ்எஃப்-1 தனியாளாக அமரும்.

1994 இல் சுண்டெலியில் இந்தப் பரம்பரையலகை முடக்கிப் பார்த்தார்கள். எதிர்பார்த்தது என்ன? நொதியங்களை இயக்கும் திறப்பு தொலைந்தால் தொழிற்சாலை நிற்கும், ஆனால் கட்டடம் இருக்கும். நானாக இருந்தாலும் அப்படித்தான் ஊகித்திருப்பேன். குட்டிகளைத் திறந்து பார்த்தபோது கட்டடமே இல்லை. சிறுநீரகம் இருந்தது, அதன் மேல் அதிரீனல் இல்லை. விதையும் இல்லை, சூலகமும் இல்லை. எக்ஸ்வை நிறமூர்த்தம் (ஆணுக்குரிய குரோமோசோம்) உள்ள குட்டிகளுக்கும் பெண்ணுக்குரிய எக்ஸ்எக்ஸ் உள்ளவற்றுக்கும் உள்ளே ஒரே மாதிரிக் கருப்பையும் சூலகக் குழாயும். பிறந்து 8 நாளுக்குள் எல்லாம் செத்தன. அதிரீனல் ஓமோனை ஊசியாகக் கொடுத்தவை பிழைத்தன, ஆகவே செத்த காரணத்திலும் சந்தேகம் இல்லை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, விரிவுரையில் சொல்லாமல் விட்டிருப்பார்கள். எஸ்எஃப்-1 இல்லாத முளையத்திலும் சனனித் தடிப்பு தொடங்கத்தான் செய்கிறது. கருத்தரித்து 11 நாள் அளவு வரை ஒன்றும் குறையாதது போல் இருக்கும். அடுத்த ஒன்றரை நாளில் அந்தக் கலங்கள் தாமாகச் சிதைந்து கரைந்துவிடுகின்றன. ஆக அத்திவாரக் கல் வைப்பது வேறு ஆட்கள். அங்கே வந்த கலத்திடம் "நீ இந்த இழையத்தின் கலம், இங்கேயே பெருகு, சாகாதே" என்று சொல்வதுதான் எஸ்எஃப்-1 இன் வேலை. நொதியங்களை இயக்குவது அதே ஆள் பிறகு பார்க்கும் வேலை. தொழிற்சாலை கட்டிய மேசனே பிறகு அங்கே மேலாளராக இருப்பது போல.

சரி, எஸ்எஃப்-1 ஐ யார் தொடக்கிவைப்பது? அதற்கும் ஒரு வாங்கி, அதற்கும் ஒன்று என்று போனால் உமது கோழி முட்டை திரும்பி வந்துவிடும். இதற்கு அதிரீனலில் கிடைத்த விடை எனக்கு மிகவும் பிடித்தது. 2006 இல் மொரோஹாஷியின் குழு, எஸ்எஃப்-1 பரம்பரையலகுக்குள்ளேயே முளைய அதிரீனலுக்கென்று ஒரு தூண்டற்பகுதி, அதாவது பரம்பரையலகை இயக்கும் புரதங்கள் வந்து அமரும் டிஎன்ஏத் துண்டு, இருப்பதைக் காட்டியது. முதலில் அங்கே வந்து அமர்வது ஹொக்ஸ் புரதங்களும் அவற்றின் கூட்டாளிகளும். இவை கருவாங்கிகள் இல்லை. உடலில் தலைப்பக்கம் எது, வால்பக்கம் எது என்று இடம் குறிக்கும் புரதங்கள். அவை எஸ்எஃப்-1 ஐத் தொடக்கிவிட்டு ஒதுங்குகின்றன. அதற்குள் உண்டான எஸ்எஃப்-1 தானே அதே தூண்டற்பகுதியில் போய் அமர்ந்து தன்னைத்தானே இயக்கிக்கொள்கிறது.

நம் திருகோணமலை உட்துறைமுகத்துக்குக் கோதுமைக் கப்பல் வந்து போவதைக் கரையில் நின்று பார்த்திருப்பீர். புறப்படும்போது இழுவைப் படகு கயிறு போட்டு, மூக்கைத் திருப்பி, வாய்க்கால் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகும். கப்பலின் இயந்திரம் பிடித்ததும் கயிறு கழன்றுவிடும், படகு திரும்பிவிடும். அதன்பிறகு நடுக்கடலில் அந்தப் படகைத் தேடினால் கிடைக்காது. வளர்ந்த கலத்தில் தொடக்கிவைத்தவரைத் தேடினாலும் அப்படித்தான். இதில் ஓமோன் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனித்தீரா?

அப்படியானால் அந்தப் பை? எஸ்எஃப்-1 இலும் பை உண்டு. 2005 இல் அதன் பளிங்கு அமைப்பைப் பார்த்தபோது உள்ளே பொசுபோலிப்பிட்டு ஒன்று அமர்ந்திருந்தது. கலமென்சவ்வில் எங்கும் கிடைக்கிற சாமான். அது வந்து போய்ச் செய்தி சொல்கிறதா, சும்மா தாங்குகம்பாக நிற்கிறதா என்பதில் ஆய்வாளர்கள் இடையே இழுபறி உண்டு. உமது கேள்விக்கு வேண்டியது ஒன்றுதான்: வெளியிலிருந்து ஓமோன் வரும் வரை இது காத்திருப்பதில்லை.

1997 இல் இன்னொரு பரிசோதனை. சுண்டெலியின் முளையத் தண்டுக்கலங்களுக்குள் எஸ்எஃப்-1 ஐ வலிந்து புகுத்தினார்கள். எந்த இழையமாகவும் ஆகாத கலங்கள் கொலஸ்ரோலின் வாலை வெட்டும் நொதியத்தை உண்டாக்கத் தொடங்கின. புரோசெஸ்தரோனும் வந்தது, ஆனால் இழைமணிக்குள் தானாக நுழையக்கூடிய கொலஸ்ரோல் வகையை வெளியிலிருந்து கொடுத்தபோதுதான். அடுப்பு வந்துவிட்டது, விறகு கொண்டுவரும் ஸ்டார் வரவில்லை. ஒரே ஆளால் முழு வீட்டையும் கட்ட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அடுத்தது சனனிப் பக்கம். கோட்டை வாசலிலும் பஸ் நிலையப் பக்கத்திலும் திரியும் மான்களைச் சின்னதிலிருந்து பார்த்துப் பழகியதால் நாம் அவற்றைக் கவனிப்பதே இல்லை. அடுத்த முறை கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது கலைமானின் கொம்பைப் பாரும். சிலதில் கொம்பு மெல்லிய மயிர்த் தோலால் மூடி, தொட்டால் சூடாயிருக்கும் போலத் தெரியும். (தொட வேண்டாம்.) சிலதில் தோல் உரிந்து எலும்பு மட்டும் பளபளக்கும். டெஸ்டோஸ்டெரோன் ஏறும்போது தோல் உரிந்து கொம்பு இறுகும், இறங்கும்போது கொம்பு விழுந்துவிடும். விதை நீக்கிய மானில் அந்தத் தோல் உரிவதே இல்லை. இது நாம் படித்த பாதி: ஓமோன், அதைக் கேட்கும் ஆண்ட்ரஜன் வாங்கி, விளைவு. அந்த மான் தாயின் வயிற்றில் இருந்தபோது விதை எப்படி வந்தது என்பது மறுபாதி.

வை நிறமூர்த்தத்தில் எஸ்ஆர்வை என்ற பரம்பரையலகு உண்டு, அதுதான் விதையாகத் தீர்மானிக்கிறது என்று படித்திருப்பீர். எஸ்ஆர்வை தனியாக அந்த வேலையைச் செய்வதில்லை. 2008 இல் தெளிவானபடி, சொக்ஸ்-9 என்ற பரம்பரையலகின் ஒரு தூண்டற்பகுதியில் எஸ்எஃப்-1 உம் எஸ்ஆர்வையும் பக்கத்தில் பக்கத்தில் அமர்கின்றன. அப்போதுதான் சொக்ஸ்-9 ஏறுகிறது, கலம் செட்டோலிக் கலமாகிறது (விதையில் விந்துக்களைப் பராமரிக்கும் கலம்). பிறகு செட்டோலிக் கலத்தில் அதே எஸ்எஃப்-1, சொக்ஸ்-9 உடன் சேர்ந்து, கருப்பையாக வேண்டிய குழாயை அழிக்கும் ஓமோனை இயக்குகிறது. பக்கத்து லேடிக் கலத்தில் டெஸ்டோஸ்டெரோன் நொதியங்களை இயக்குகிறது. பிரெஞ்சு அறிஞர் அல்பிரட் ஜொஸ்ட் 1940களில் முயல் முளையத்தின் சனனியை நீக்கிக் காட்டியது ஞாபகமா? சனனி இல்லாவிட்டால் நிறமூர்த்தம் எதுவானாலும் உள்ளே பெண் அமைப்புத்தான் வரும். 1994 இன் எலிகள் அதே விடையைப் பரம்பரையலகு வழியாகச் சொல்லின.

கபச்சுரப்பியில் சனனிகளை ஏவும் ஓமோன்களைச் செய்யும் கலங்களிலும், மூளையின் அடியிலுள்ள ஐப்போதலமசின் ஒரு கருக்கூட்டத்திலும் (இங்கே 'கரு' என்பது நரம்புக் கலத் திரள்) எஸ்எஃப்-1 உண்டு. எலியில் அதை முடக்கினால் அந்தக் கருக்கூட்டம் ஒழுங்காக அமையாது, கபச்சுரப்பிக் கலங்களும் மந்தமாகும். ஆனால் ஐப்போதலமசிலிருந்து வர வேண்டிய தூண்டும் ஓமோனை ஊசியில் கொடுத்தால் கபச்சுரப்பிக் கலங்கள் கொஞ்சம் விழித்துக்கொள்கின்றன. ஆக கபச்சுரப்பியில் அது இன்றியமையாத மேசன் இல்லை, உதவியாள். பரீட்சையில் அதிரீனல், சனனி, கபச்சுரப்பி மூன்றையும் ஒரே வசனத்தில் போட்டுச் சமன் செய்ய வேண்டாம்.

இப்போது நீர் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஆள்: டாக்ஸ்-1.

இதன் பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தின் குறுங்கையில் இருக்கிறது, 1994 இல் பிரித்தெடுக்கப்பட்டது. கருவாங்கிக் குடும்பம்தான், ஆனால் நாக விரல்கள் இல்லை. கையில்லாத வாங்கி. டிஎன்ஏயில் நேரே அமராமல் எஸ்எஃப்-1 இன் மேல் போய் ஒட்டிக்கொண்டு அதன் வேகத்தைக் குறைக்கும். பிரேக் என்று வைத்துக்கொள்ளும். பிரேக் அறுந்தால் வண்டி கூடுதல் வேகத்தில் போக வேண்டும் இல்லையா? டாக்ஸ்-1 பழுதானால் அதிரீனல் பெருத்து ஓமோன் கொட்ட வேண்டும். நடப்பது நேர் எதிர். அதிரீனல் மேற்பட்டை சரியாக விருத்தியடையாமல் போகிறது.

நோய் வரும் விதம்: எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு. தாய் சுகமாயிருப்பார், ஒரு பழுது பிரதியைச் சுமந்திருப்பார். சில குழந்தைகள் பிறந்து சில கிழமைகளுக்குள் பால் குடிக்காமல், வாந்தி எடுத்து, எடை இறங்கி வரும். இரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கும், பொற்றாசியம் ஏறியிருக்கும், தோல் கறுத்திருக்கும். வயிற்றுப்போக்கு என்று நினைத்துத் தவறவிடக்கூடிய தோற்றம், அதனால்தான் சொல்கிறேன். வேறு சிலருக்குப் பல வருடம் கழித்து வெளிப்படும். குறைந்த ஓமோன்களை மருந்தாகக் கொடுத்தால் பிள்ளை வளரும். பிறகு பூப்பு வயதில் இரண்டாம் சிக்கல்: பருவம் வராது, ஐப்போதலமசு கபச்சுரப்பிப் பாதையும் தளர்ந்திருக்கும்.

பிரேக் போனால் வண்டி ஏன் நிற்கிறது? இதை வகுப்பில் விதைநெல்லால் விளக்குவேன். கந்தளாய், மூதூர்ப் பக்கத்து வயல்காரர் வீட்டில் அறுவடை முடிந்ததும் ஒரு பங்கை மூட்டை கட்டித் தனியே வைப்பார்கள். வீட்டில் அரிசி குறைந்தாலும் அந்த மூட்டையில் கை வைக்க அம்மம்மா விடமாட்டார். பிள்ளைகளுக்கு அவர் கஞ்சப் பிசினாறி. அவர் இல்லாத வருடம் வீட்டில் சோறு தாராளம், அடுத்த போகத்துக்கு விதைக்க ஒன்றும் இல்லை. அதிரீனலின் உறைக்குக் கீழே முதிராத முன்னோடிக் கலங்கள் உண்டு. அவை பெருகிப் பெருகி, ஒரு பகுதி மட்டும் முதிர்ந்து ஓமோன் செய்யப் போகும். எல்லாமே ஒரேயடியாக முதிர்ந்துவிடாமல் எஸ்எஃப்-1 ஐத் தடுத்து வைப்பது டாக்ஸ்-1. அது இல்லாவிட்டால் முன்னோடிகள் அவசரமாக முதிர்ந்து தீர்ந்துபோகின்றன. டாக்ஸ்-1 முடக்கிய எலிகளில் இளமையில் அதிரீனல் மிகையாக வேலை செய்து, வயது போகப் போகச் சுருங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். இந்தப் பழுதுள்ள மிகச் சில சிறுவர்களிலும் முதலில் வயதுக்கு முந்திய பருவ அறிகுறி வந்து, பிறகு குறைபாடு வந்திருக்கிறது. முதலில் தாராளச் சோறு, பிறகு பட்டினி.

அதே டாக்ஸ்-1 இரட்டித்துப் போனால்? எக்ஸ்வை முளையத்தில் அந்தப் பகுதி இரண்டு பிரதியாக இருந்தால் விதை ஒழுங்காக உருவாகாமல் பெண் தோற்றம் வரக்கூடும். அம்மம்மா இருவர் இருந்தால் வயலில் விதைக்கவும் விடமாட்டார்கள்.

இதுதான் இந்த முழுப் பாடத்திலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, பிள்ளை. "எஸ்எஃப்-1 உண்டு, இல்லை" என்று ஆளி போல நினைக்கத் தோன்றும். கருவாங்கிகள் இழையம் கட்டும் விதம் உப்புப் போடுகிற மாதிரி, அளவில் இருக்கிறது விஷயம். எஸ்எஃப்-1 இன் இரண்டு பிரதியில் ஒன்று மட்டும் கெட்ட எலிகளுக்கு அதிரீனல் இருக்கும், ஆனால் சிறியது, நெருக்கடி வந்தால் ஓமோன் போதாது. மனிதரில் முதல் பழுது 1999 இல் வெளியானது: எக்ஸ்வை நிறமூர்த்தம், பெண் தோற்றம், அதிரீனல் செயலிழப்பு. ஒரு பிரதி மட்டுமே கெட்டிருந்தது. அதன்பின் பழுதுள்ளவர்கள் பலர் கண்டறியப்பட்டபோது படம் மாறியது. பெரும்பாலானோருக்கு அதிரீனல் நன்றாகவே இருந்தது, விதையின் விருத்திதான் குறைந்திருந்தது. 2009 இல் எக்ஸ்எக்ஸ் பெண்களில் இதே பரம்பரையலகின் பழுது, சூலகம் காலத்துக்கு முன்பே ஓய்ந்துபோவதற்கு ஒரு காரணம் என்று காட்டப்பட்டது. அளவு கூடினாலும் ஆபத்து. சிறுவர்களின் அதிரீனல் மேற்பட்டைக் கட்டிகளில் எஸ்எஃப்-1 பிரதிகள் கூடியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள், எலியில் அளவைக் கூட்டினால் கட்டி வருகிறது.

இனி மற்றச் சுரப்பிகள், ஓட்டமாக. தைரொயிட்டை ஒரு கருவாங்கி கட்டுகிறது என்று சில மாணவர் குறிப்புகளில் பார்த்தேன். பிழை. அதைக் கட்டுவதில் முன்னிற்பவை பக்ஸ்-8 போன்ற வேறு குடும்பத்துப் புரதங்கள். தைரொயிட்டு ஓமோனைக் கேட்பதுதான் கருவாங்கி. சதையியின் (கணையத்தின்) இன்சுலின் செய்யும் பீட்டாக் கலங்களில் எச்என்எஃப்4-ஆல்பா என்ற கருவாங்கி முக்கியமானது. அதன் ஒரு பிரதி கெட்டால் இளவயதிலேயே வரும் ஒருவகைக் குடும்ப நீரிழிவு உண்டாகும் என்று 1996 இல் தெரிந்தது. வேடிக்கை, அதே பிள்ளைகள் பிறக்கும்போது இன்சுலின் கூடிப் பெருத்துப் பிறக்கிறார்கள். பழுதில்லாத உடன்பிறப்புகளைவிடச் சராசரியாக ஏறக்குறைய 790 கிராம் கூடுதல் என்று 2007 இல் கணக்கிட்டார்கள். முதலில் மிகை, பிறகு பஞ்சம், டாக்ஸ்-1 ஐ ஞாபகப்படுத்தும் கோலம், ஆனால் பொறிமுறை வேறு. அப்புறம், வெட்டி வைத்த ஆட்டு அதிரீனலின் அந்த நடுப்பகுதி. நரம்பு முகட்டிலிருந்து வந்த கலங்கள் நோரதிரீனலினை அதிரீனலினாக மாற்றும் நொதியத்தைப் பெறுவதற்கு, சுற்றியுள்ள மேற்பட்டையின் கோர்டிசோலும் குளுக்கோகோர்ட்டிகொயிட் வாங்கியும் வேண்டும். இங்கே நீர் படித்த பழைய பாதி திரும்ப வருகிறது: ஓமோன், வாங்கி, விளைவு. ஒரே கொட்டைக்குள் இரண்டு பாதியும்.

கடைசியாகத் தாயின் ஓமோன். எஸ்எஃப்-1 இல்லாத எலிக் குட்டிகள் அதிரீனல் இல்லாமலே உயிரோடு பிறந்தன என்று சொன்னேனே, அது எப்படி? 1995 இல் பார்த்தபோது முளையங்களின் இரத்தத்தில் அதிரீனல் ஓமோன் வழமையான அளவிலேயே இருந்தது. செய்ய உறுப்பே இல்லாதபோது அது சூல்வித்தகம் (நஞ்சுக்கொடி) வழியாகத் தாயிடமிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். பிறந்து கொடி அறுந்த பிறகுதான் தட்டுப்பாடு. அப்படியானால் உமது ஊகத்துக்கு நேரடியான பதிலும் அங்கேயே கிடைக்கிறது: தாயின் ஓமோன் தாராளமாகக் கிடைத்தும் அந்தக் குட்டிகளுக்கு அதிரீனல் வரவில்லை. ஓமோன் வந்து சுரப்பியைக் கட்டவில்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. எஸ்எஃப்-1 இல்லாத முளையத்தின் சூல்வித்தகத்தில் கொலஸ்ரோல் வாலை வெட்டும் நொதியம் குறையின்றி இருந்தது. சூல்வித்தகமும் ஸ்டீரொயிட்டு செய்யும் இழையம்தான், ஆனால் அந்த வீட்டைக் கட்டியவர் வேறு மேசன். அவர் யார் என்று உமது விரிவுரையாளரிடம் கேட்டுப் பாரும், அவருக்கும் கொஞ்சம் வேலை இருக்கட்டும். லீவுக்கு ஊருக்கு வரும்போது சொல்லும், சிறுநீரகம் கொழுப்போடு வாங்கி வைக்கிறேன்.